உறுதியில பேர் இல்லாத ஆக்கள்

(கடந்த மாதம் மொன்றியலில் எங்கட வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழியை அதிகம் திருத்தவில்லை. இடையில் தோழர்கள் கேட்ட கேள்விகளையும் அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.)



நாங்கள் கூடியிருக்கிற இந்த இடம் தியோதியாகே. கனியென்கெஹாக்கா மக்கள் எவருக்கும் எழுதிக் கொடுக்காத நிலம். ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த வசனத்தைச் சொல்லிப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போயிடுறம். இண்டைக்கு அப்பிடிப் போகேலாது. "எழுதிக் கொடுக்காத" எண்ட அந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் பேசப்போறன். யார் எழுதினது, யாருக்காக எழுதினது, எழுத்தில வராத ஆக்களுக்கு என்ன நடந்தது.

என்னிடம் கேட்கப்பட்ட தலைப்பு எளிமையானது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்த எங்கட முன்னோரைப் பதிவேடுகளில் தேடுறது எப்பிடி? கடந்த இரண்டு வருசமா என்ர ஆய்வுக்கும் என்ர குடும்பத்துக்கும் சேர்த்து இந்த வேலையைச் செய்து வாறன். கணக்குப் போட்டுப் பாருங்கோ. எங்கட வயதுக்காரருக்கு அம்மா, அம்மம்மா, பூட்டி, பூட்டியின் தாய் எண்டு நாலு படி ஏறினால் 1880கள் வந்திடும். அந்தப் படியில எங்கள் ஒவ்வொருத்தருக்கும் 16 பேர் இருக்கினம். அந்த 16 பேரில எத்தனை பேரின் பேர் உங்களுக்குத் தெரியும்? இந்த அறையில கேட்டபோது அதிகமாச் சொன்னவர் ஐந்து சொன்னார். ஐந்தும் ஆம்பிளையள்.

முன்னோரைத் தேடுற ஆக்கள் உலகம் முழுக்க மூன்று வகைப் பதிவுகளைத்தான் முதலில தேடுவினம்: குடிசன மதிப்பீடு, அடக்கப் பதிவு, காணி உறுதி. இந்த ஒழுங்கிலேயே போவம்.

பேர் இல்லாத தொகை

1871ஆம் ஆண்டு எங்களுக்கு முக்கியமான ஆண்டு. கனடா எண்ட நாடு உருவாகி நடத்தின முதலாவது குடிசன மதிப்பீடு அந்த ஆண்டு. இலங்கைத் தீவு முழுவதுக்கும் நடந்த முதலாவது நவீன குடிசன மதிப்பீடும் அதே ஆண்டுதான். இரண்டும் ஒரே பேரரசு, ஒரே இராணி.

கனடாவின் 1871 படிவங்களை இண்டைக்கு நீங்கள் தொலைபேசியிலேயே பார்க்கலாம். வீடு வீடாக, பேர், வயது, சமயம், தொழில், பிறந்த இடம், எழுத வாசிக்கத் தெரியுமா எண்டதெல்லாம் இருக்கு. கியூபெக்கில இன்னும் அதிகம். பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் 1620கள் தொடக்கம் இருக்கு. எங்கட கோத்-டே-நேஜுக்குப் பக்கத்தில இருக்கிற மொன்றியல் பல்கலைக்கழகத்தில, 1966இல் ஒரு ஆய்வுக் குழு தொடங்கி, அந்தப் பழைய பதிவுகளை வைச்சு பிரெஞ்சுக் குடியேறிகளின் முழுச் சனத்தொகையையும் குடும்பம் குடும்பமாக் கட்டியெழுப்பியிருக்கு. என்ர வகுப்பில படிச்ச கியூபெக் தோழி ஒருத்தி ஒரு பின்னேரத்துக்குள்ள 11 தலைமுறை பின்னால போனாள். நான் மூன்றாவது தலைமுறையிலேயே நிண்டுட்டன்.

ஏன்? இலங்கையின் 1871 மதிப்பீட்டில இருந்து எங்களுக்குக் கிடைக்கிறது அட்டவணைகள் மட்டும்தான். மொத்தச் சனத்தொகை 24 இலட்சம். மாகாணம், பால், சமயம், "தேசியம்", தொழில் எண்டு கூட்டுத்தொகை இருக்கு. வீட்டுக்கு வீடு எழுதின படிவங்கள் கூட்டி முடிஞ்ச பிறகு தேவையில்லாத கடதாசியாப் போயிட்டுது. குடியேறிக்குப் பேர், குடியேற்றப்பட்டவருக்கு எண்ணிக்கை. அந்த நேரத்து அரசுக்கு எங்களிட்டத் தேவைப்பட்டது தொகை. எவ்வளவு கூலி இருக்கு, எவ்வளவு வரி வரும், எந்தச் "சாதிச் சனம்" எங்க எவ்வளவு இருக்கு எண்ட தொகை. 1824இல் கரையோர மாவட்டங்களில எடுத்த பழைய கணக்கும் சாதிவாரியாத்தான் இருக்கு.

கனடாவிலயும் எல்லாருக்கும் பேர் கிடைக்கேல்ல எண்டதை மறக்கக்கூடாது. பூர்வகுடிகள் பலர் அந்த 1871 கணக்கில சரியாச் சேர்க்கப்படவே இல்லை.

ஆனாலும் அட்டவணையும் வேலை செய்யும். அட்டவணை ஆக்களை உருவாக்கும். 1911 மதிப்பீட்டில்தான் "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" எண்டு முதல்முறையா இரண்டு கட்டம் போட்டினம். அதுக்கு முதல் அந்தக் கோடு கணக்கில இல்லை. கணக்கெடுக்க வந்த கிளாக்கர் போட்ட கட்டம் 37 வருசத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கான ஆக்களின் குடியுரிமையைப் பறிச்சுது. அதுக்குத் திரும்பி வருவன்.

எரிச்சவைக்குக் கல்லறை இல்லை

அடக்கப் பதிவு எண்டு வந்தால், எங்களில பெரும்பான்மையான குடும்பங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. சைவக் குடும்பங்களில எரிக்கிறது. கல்லும் இல்லை, கல்லில பேரும் இல்லை. அந்தியேட்டி முடிய சாம்பல் கடலுக்குப் போயிடும். திதி மட்டும் மிஞ்சும். எனக்குக் கிடைச்ச மிகப் பழைய "இறப்புப் பதிவு" ஒரு திதிதான்: மாதமும் பிறையும் தெரியும், ஆண்டு தெரியாது. அம்மம்மாவின் வாயில மட்டும் இருந்த பதிவு.

1867இல் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. அதுக்குப் பிந்தின பதிவுகள் தேடக்கூடியவை, ஆனால் ஓட்டைகள் அதிகம். கிராமத்தில ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் செத்தால் யார் நடந்து போய்ப் பதிவாளரிட்டச் சொல்லுறது?

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நிலைமை வேற. கத்தோலிக்கப் பங்குகளில பதிவேடுகள் இருக்கு. அமெரிக்க மிசன்காரர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தவை. 1823இல் வட்டுக்கோட்டை செமினறியைத் தொடங்கினவை. அவையின்ர தலைமைச் சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில இருக்கு. மொன்றியலில இருந்து பஸ்ஸில ஒரு நாள் பயணத்துக்குள்ள. வட்டுக்கோட்டைக்குப் போறதை விடக் கிட்ட.

ஆனால் அங்கயும் ஒரு சிக்கல். மிசன் பள்ளிக்கூடங்களில பிள்ளைகளுக்கு வேற பேர் வைச்சினம். பலருக்குக் கிடைச்சது அமெரிக்காவில காசு குடுத்தவையின்ர பேர். "பாவலர் சரித்திர தீபகம்" எழுதின சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் ஆனார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில ஒருவரான விசுவநாதபிள்ளை கறல் விசுவநாதபிள்ளை ஆனார். படிச்சுப் புத்தகம் எழுதினவையை நாங்கள் இரண்டு பேரிலயும் கண்டுபிடிச்சிடலாம். படிப்பைப் பாதியில விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பின பெடியனை? ஏட்டில ஒரு பொஸ்டன் வியாபாரியின் பேர் மட்டும் இருக்கும்.

இப்ப இந்த ஊருக்கு வாங்கோ. விக்ரோறியா பாலத்துக்குப் போற வழியில, வீதிக்கு நடுவில ஒரு பெரிய கறுத்தப் பாறை இருக்கு. நீங்கள் பஸ்ஸில பல தடவை கடந்திருப்பியள். 1847, 48இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலில வந்து காய்ச்சலில செத்த 6000 ஐரிஷ் அகதிகள் அந்தப் பகுதியில புதைக்கப்பட்டிச்சினம். 1859இல் அந்தப் பாலத்தைக் கட்டின தொழிலாளர்தான் அந்தக் கல்லை நட்டவை. அரசாங்கம் இல்லை, தேவாலயம் இல்லை. எலும்புகளுக்கு மேல வேலை செய்த கூலியாட்கள். கல்லில தொகைதான் இருக்கு, பேர் இல்லை.

அதே 1840களில, அதே பேரரசின் இன்னொரு மூலையில, தமிழ்நாட்டில இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவை மன்னாரில இறங்கி மாத்தளை, கண்டி எண்டு காட்டு வழியா நடந்திச்சினம். வாந்திபேதி, அம்மை, பசி. விழுந்த இடத்தில விட்டிட்டுப் போன ஆக்கள் ஆயிரக்கணக்கு. அவைக்கு எவரும் கல் நடேல்ல. 2023இல், 200 வருசத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தினமே, என்னைப் பொறுத்தவரை அந்த நடைதான் அவையின்ர அடக்கப் பதிவு.

எங்கட மண்ணில மயானம் எண்டதே ஒரு அதிகாரப் பதிவு. எந்தச் சாதிக்கு எந்தச் சுடலை, யாற்ற வீட்டு வாசலில புகை அடிக்கும் எண்டது எழுதாத சட்டம். 2017இல் புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள், குடியிருப்புக்கு நடுவில இருக்கிற கிந்துசிட்டி மயானத்தை அகற்றச் சொல்லிப் போராடினபோது கைது செய்யப்பட்டது தமிழ் மண்ணில, தமிழ் உயர்சாதிக்காரரோட வந்த பிரச்சினையில. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில எரிகூடம் கட்டத் தோண்டினபோது மனித எலும்புகள் வந்தன. பிறகு நீதிமன்றக் கண்காணிப்பில தோண்டி 200க்கும் மேற்பட்டவரின் எச்சங்களை எடுத்தினம், குழந்தைகள் உட்பட. அடக்கம் நடந்திருக்கு, பதிவு இல்லை. பதிவு இல்லாமல் அடக்கிறது எண்டதுதான் அங்க நோக்கமே.

காணி உறுதி பேசுறது

மூன்றாவதுதான் எங்களுக்கு உண்மையில கைகுடுக்கிறது. யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினாலும் உறுதியை விடாது. சுருட்டிப் பொலித்தீனில கட்டி, சூட்கேசின் அடியில வைச்சு, வன்னி, கொழும்பு, மொன்றியல் எண்டு கொண்டு வந்திருக்கு. உங்கட வீட்டிலயும் ஒரு பெட்டி இருக்கும்.

ஏன் இவ்வளவு உறுதிகள்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் எதுவும் நொத்தாரிசு முன்னால, இரண்டு சாட்சியோட எழுதப்பட்டால்தான் செல்லும் எண்டு வைச்சுது. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிட்ட வைச்சிருக்க, இன்னொரு பிரதி பதிவகத்துக்குப் போகும். கியூபெக்கிலயும் நொத்தேர் இல்லாமல் வீடு வாங்கேலாது; அந்த முறை உங்களுக்குத் தெரியும். அதுக்கு முதல் போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் விரிச்ச தோம்புகள் இருந்தன, நிலவரிக்காக எழுதின காணி ஏடுகள். அதோட 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம், 1806இல் ஆங்கிலேயர் அதை ஏற்றது. இந்த இரண்டும் சேர்ந்து யாழ்ப்பாணத்து உறுதியை ஒரு குடும்பக் கதைப் புத்தகமா ஆக்கிவிட்டுது.

எப்பிடி எண்டு பாருங்கோ. தேசவழமையில சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடிய தேட்டம். உறுதி எழுதும்போது இது எந்த வகை, யாரிட்ட இருந்து வந்தது எண்டு சொல்லவேணும். "என் தகப்பனார் இன்னாரின் முதுச வழியாகவும்", "என் தாயார் இன்னாளின் சீதன வழியாகவும்" எண்டு ஒரே பந்தியில மூன்று தலைமுறை வந்திடும். சீதனம் பெண்ணுக்குப் போறதால, குடிசன மதிப்பீட்டில காணாத பெண்கள் உறுதியில பேரோட நிற்கினம். என்ர அம்மம்மாவின் பெட்டியில 1890களின் சீதன உறுதி ஒண்டு இருந்தது. பூட்டியின் தாயின் பேரை நான் முதல்முறையா அதிலதான் வாசிச்சன். கையெழுத்து இல்லை, ஒரு புள்ளடி. பக்கத்தில நொத்தாரிசு அவவின் பேரை எழுதியிருக்கு. கலியாணம் முடிச்ச பிறகு அதே காணியை விற்கிறதெண்டால் புருசனின் சம்மதம் வேணும் எண்டதும் அதே சட்டம்தான். சொத்து அவவுக்கு, கட்டுப்பாடு அவருக்கு.

எல்லைகளை வாசியுங்கோ. கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எண்டு நாலு பக்கமும் யாற்ற காணி எண்டு இருக்கும். ஒரு காணியின் உறுதி அயலட்டம் முழுவதின் பேர்ப்பட்டியல். பரப்பளவைப் பாருங்கோ: பரப்பு, குளி எண்டு மட்டுமில்லை, வரகு விதைக்கிற லாச்சமா, நெல்லு விதைக்கிற லாச்சமா எண்டும் இருக்கும். அந்த நிலத்தில என்ன விளைஞ்சது எண்டு அளவையே சொல்லிப்போடும். பிறகு "கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் மூன்றில் ஒரு பங்கு" எண்டு வரும்.

அந்தக் கிணற்றில நான் நிண்டுட்டன். உறுதி சொல்லுது, மூன்று குடும்பத்துக்குப் பங்கு. அம்மம்மாவிட்டக் கேட்டன், "அந்தக் கிணத்தில வேற ஆரும் தண்ணி அள்ளுறவையோ?" அவ கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு சொன்னா: "அள்ள விடுறேல்லப் பிள்ளை. குடத்தோட வந்து நிப்பினம். ஆரும் வந்து ஊத்திவிடுமட்டும் நிப்பினம்." அந்தக் காணியைக் கொத்தினது அவை. வேலி அடைச்சது அவை. பனையில ஏறினது அவை. நாலு எல்லையிலயும் அவையின்ர பேர் இல்லை, சாட்சியிலயும் இல்லை.

பேர் வாற இடங்களிலயும் எழுத்தே காட்டிக்குடுக்கும். பழைய உறுதிகளில நிலமுள்ள வெள்ளாளரின் பேர் பெரும்பாலும் "கந்தர்", "வேலர்" எண்டு முடியும். ஒடுக்கப்பட்டவரின் பேர் "கந்தன்", "வேலன்" எண்டு முடியும். ஒரே முருகன், இரண்டு விகுதி. ஒரு "ர்"க்கும் ஒரு "ன்"க்கும் இடையில ஒரு முழுச் சமூகம் இருக்கு.

வேறொரு ஏடு

அப்ப அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் தங்கட முன்னோரை எங்க தேடுறது? அவையும் ஏட்டில இருக்கினம். காணியா இல்லை, ஆளா இல்லை, சொத்தா இருக்கினம்.

தேசவழமைத் தொகுப்பில அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதி இருக்கு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எண்டு பேர் சொல்லி. 1818இல் ஆங்கிலேய அரசு யாழ்ப்பாணத்தில கோவிய, நளவ, பள்ள அடிமைகளை உடமைக்காரர் பதியவேணும் எண்டு ஒழுங்குவிதி கொண்டு வந்தது. 1821இல் படிப்படியா விடுவிக்கிறதுக்கு இன்னொரு ஒழுங்குவிதி. 1844இல்தான் இலங்கையில அடிமைமுறை சட்டப்படி முழுக்க ஒழிஞ்சது. 1844 எண்டது ஏதோ புராண காலம் இல்லை. நான் முதலில சொன்ன 16 பேரின் தாய் தகப்பன் காலம்.

வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட "ஸ்லேவ் இன் எ பலங்குவின்" எண்ட நூலில இந்த ஏடுகளையும் வழக்குப் பதிவுகளையும் வாசிக்கிறா. அதை வாசிக்கும்போது, அடிமைப்பட்டவை வெறும் பட்டியல் இல்லை, நீதிமன்றம் போனவை, வாதாடினவை எண்டு தெரியும்.

கியூபெக்கிலயும் இதே கதை. "இங்க அடிமைகள் இருக்கேல்ல" எண்டு நெடுங்காலம் சொல்லிக்கொண்டு இருந்திச்சினம். மார்செல் ட்ருடெல் எண்ட வரலாற்றாசிரியர் 1960இல் அதை உடைச்சார். எதை வைச்சு? இதே பங்குப் பதிவேடுகளையும் நொத்தேர் ஏடுகளையும் வைச்சுத்தான். ஞானஸ்நானம், அடக்கம், விற்பனை எண்டு பொறுக்கி 4000க்கும் மேற்பட்ட அடிமைகளைக் கண்டுபிடிச்சார். மூன்றில இரண்டு பங்கு பூர்வகுடிகள். கியூபெக் தோழிக்கு 11 தலைமுறையைக் காட்டின அதே ஏட்டின் அடுத்த வரியில அவை இருந்திச்சினம். தேடினவை அந்த வரியைத் தாண்டித் தாண்டி வாசிச்சிருக்கினம்.

எங்கட குடும்ப ஆராய்ச்சிகளும் அப்பிடித்தான் தாண்டுது. வம்சாவளி எண்டு அச்சடிச்சு, கலியாண வீடுகளில குடுக்கிற புத்தகங்களை நீங்கள் பார்த்திருப்பியள். உடையார் பரம்பரை, மணியகாரர் பரம்பரை. ஒல்லாந்தருக்கும் வெள்ளைக்காரனுக்கும் வரி சேர்த்துக் குடுத்தவரின் பதவியைப் பெருமையாப் போட்டிருக்கும். அந்த உடையாரின் கையொப்பத்தோட அடிமைப் பதிவு இருக்கா எண்டு ஒருத்தரும் தேடுறேல்ல. முன்னோரைத் தேடுறது இடதுசாரி வேலையா, சாதிச்சங்க வேலையா எண்டதை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கும்: அடுத்த வரியையும் வாசிக்கிறமா, இல்லையா?

கடதாசியால ஒரு சனத்தை இல்லாமல் ஆக்கிறது

இதெல்லாம் ஆர்வத்துக்காகச் செய்யிற வேலை எண்டு நினைக்கவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடதாசி இண்டைக்கும் ஆக்களின் வயித்தில அடிக்குது. இரண்டு உதாரணம்.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். இலங்கையில பிறந்திருந்தால் மட்டும் காணாது. தகப்பன் இலங்கையில பிறந்திருக்கவேணும். இல்லாட்டி தகப்பன்வழிப் பேரனும் பூட்டனும் இரண்டு பேருமே இலங்கையில பிறந்திருக்கவேணும். அதாவது ஒரு தோட்டத் தொழிலாளி 1948இல் குடிமகன் ஆகவேணும் எண்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டில தன்ர பூட்டன் எங்க பிறந்தவர் எண்டு நிரூபிக்கவேணும். பிறப்புப் பதிவுச் சட்டமே 1867இல்தான் வந்தது. தோட்டத்தில ஆளின் பேர் இருந்தது கங்காணியின் கடன் கணக்கிலயும் செக்ரோலிலயும். 1901க்குப் பிறகு கழுத்தில கட்டின தகரத் துண்டில இலக்கம் இருந்தது. எந்த அரசு அவையைப் பேரில்லாத தொகையா எண்ணினதோ, அதன் வாரிசு அரசு வந்து, "பேரைக் காட்டு" எண்டு கேட்டுது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைச்சு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எண்டு பங்கு போட்டினம். மிஞ்சின 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பம் எண்டு வைச்சினம். திரும்பவும் தொகை.

இந்தக் குடியுரிமைச் சட்டத்துக்குக் கை உயர்த்தின தமிழ்த் தலைவர்களும் இருந்தவை எண்டதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

இரண்டாவது, 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி. வடமாகாணத்தில 5,900 ஏக்கருக்கு மேல, மூன்று மாதத்துக்குள்ள உரிமை கோராவிட்டால் அரச காணி எண்டு தீர்மானிக்கப்படும் எண்டு அறிவிச்சினம். எதிர்ப்புக் கிளம்பி, வழக்கு உயர் நீதிமன்றம் போய், இடைக்காலத் தடை வந்தது. ஆனால் இந்த யோசனை எங்க இருந்து வந்தது? 1840இல், நொத்தாரிசுச் சட்டம் வந்த அதே ஆண்டில, 12ஆம் இலக்கச் சட்டமும் வந்தது: காடு, தரிசு, ஆள் இல்லாத, பயிர் செய்யாத நிலம் எல்லாம், மாறா நிரூபிக்கும்வரை, முடிக்குரியது. கோப்பித் தோட்டத்துக்கு நிலம் பிடிக்க அது உதவிச்சுது. 1897இன் தரிசு நிலச் சட்டம் மூன்று மாத அறிவித்தல் எண்ட கருவியைக் குடுத்தது. 1931இன் காணி நிர்ணயச் சட்டம் அதன் பிள்ளை. 2025 வர்த்தமானி அந்தச் சட்டத்தின் கீழதான் வந்தது. "ஆள் இல்லாத நிலம்" எண்டு சொல்லுறதுக்கு முதல் ஆக்களைத் துரத்தவேணும். அது மட்டும்தான் புதுசு.

அந்த மூன்று மாதத்துக்குள்ள காட்டவேண்டிய உறுதிகள் எங்க இருந்தன? தமிழ்நாட்டு முகாம்களில. எரிஞ்ச வீடுகளில. ஸ்காபரோவில, கோத்-டே-நேஜில, அலுமாரிக்கு மேல.

ஒரு தோழர் இந்த இடத்தில கேட்டார்: "கடதாசியை வைச்சு உரிமை தீர்மானிக்கிறது அநியாயம் எண்டும் சொல்லுறீர், கடதாசியைப் பத்திரப்படுத்துங்கோ எண்டும் சொல்லுறீர். முரண் இல்லையா?" நல்ல கேள்வி. பதிலுக்கு ஓகாவைப் பாருங்கோ, இங்க இருந்து ஒரு மணித்தியாலம்.

1718இல் பிரெஞ்சு இராசா அந்த நிலத்தைச் சுல்பீசியன் குருமாருக்கு எழுதிக் குடுத்தார். தன்னுடையதல்லாத நிலத்தை. கனசதாகே மொஹாக் மக்கள் இரண்டு நூற்றாண்டு வாதாடிச்சினம். 1912இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அவைக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லிச்சுது. உறுதி குருமாரிட்ட. 1990இல் ஓகா நகரசபை கொல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்கப் பைன் காட்டையும் அதோட சேர்ந்த இடுகாட்டையும் குறிவைச்சுது. 78 நாள் மொஹாக் மக்கள் மறிச்சு நிண்டவை, இராணுவம் வந்தது. மைதானம் பெருக்கேல்ல. அவையிட்ட நீதிமன்றம் ஏற்கிற உறுதி இருக்கேல்ல. முன்னோரைப் புதைச்ச நிலம் இருந்தது, நிண்ட ஆக்கள் இருந்தவை.

ஆகவே என்ர பதில் இது. கடதாசி அரசின் ஆயுதம். அதை எங்களுக்கு எதிராப் பிடிக்கிறபோது, கையில இருக்கிற கடதாசியைத் திருப்பிப் பிடிப்பம். ஆனால் கடதாசி இருக்கிறவனுக்குத்தான் நிலம் எண்ட விதியை நாங்கள் ஏற்கிறேல்ல. ஏற்றால், அந்தக் கிணற்றடியில குடத்தோட நிண்டவைக்கு நாங்களும் அதே அரசுதான். 1966க்குப் பிறகு சங்கானையிலயும் மாவிட்டபுரத்திலயும் தீண்டாமைக்கு எதிராத் தேநீர்க் கடைக்குள்ளயும் கோயிலுக்குள்ளயும் போனவை எந்த உறுதியையும் காட்டிப் போகேல்ல.

இனி என்ன செய்யலாம்

சுருக்கமாச் சொல்லுறன்.

முதலில வாய். பெரியவையிட்டக் கேளுங்கோ, ஒலிப்பதிவு செய்யுங்கோ. பேர், ஊர் மட்டும் கேட்காமல் காணியின்ர பேரைக் கேளுங்கோ. எங்கட ஊரில ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பேர் இருக்கு. ஆளின்ர பேரை மறந்தவையும் காணியின்ர பேரை மறக்கமாட்டினம்.

இரண்டாவது, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு உறுதியையும் முன்பக்கம் பின்பக்கம் படம் எடுங்கோ. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பேர், இந்த மூன்றும் இருந்தால் காணிப் பதிவகத்தில பிரதி தேடலாம். அங்க இருந்து அதே காணியின் முந்தின உறுதிக்குப் போகலாம்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துக்கூட்டை நம்பாதேங்கோ. ஒரே சின்னத்தம்பியை நாலு கிளாக்கர் நாலு விதமா எழுதியிருப்பினம். நாலையும் போட்டுத் தேடுங்கோ.

நாலாவது, ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு வெற்றுத்தாள் வையுங்கோ. அதில எழுதுங்கோ: இந்தக் காணியில வேலை செய்தது ஆர்? குடியிருந்தது ஆர்? தண்ணிக்கு நிண்டது ஆர்? அம்மம்மாவுக்குத் தெரிஞ்ச பேர்களைக் கேட்டு எழுதுங்கோ, "ர்" விகுதியோட. ஆனால் அந்தக் குடும்பங்களைக் கேட்காமல் எந்தப் பேரையும் வெளியில போடாதேங்கோ. தங்கட கதையை எப்ப, எப்பிடிச் சொல்லுறது எண்டது அவையின்ர முடிவு.

ஐந்தாவது, பிரதிகள் ஒரு இடத்தில மட்டும் இருக்கக்கூடாது. 1981இல் யாழ் நூலகத்தில 97,000 புத்தகங்கள் ஒரே இரவில எரிஞ்சது எங்களுக்குத் தெரியும். 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் மாதிரி ஆக்கள் வருசக்கணக்காச் செய்யிற வேலையை நாங்கள் வீட்டுக்கு வீடு செய்யலாம். உறுதிகளைப் பொதுவில போடவேண்டாம். அது காணிக் கள்ளருக்கு உதவும். ஒரு பிரதி உங்களிட்ட, ஒண்டு ஊரில இருக்கிற உறவிட்ட, ஒண்டு வேற நாட்டில.

அடுத்த சந்திப்புக்கு ஸ்கானர் கொண்டு வாறம். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிஞ்ச இரண்டு பெரியவை வரச் சம்மதிச்சிருக்கினம். ஒருத்தர் ஊரில நொத்தாரிசிட்ட எழுத்துவேலை செய்தவர். பெட்டியோட வாங்கோ. பெட்டி இல்லாத குடும்பத்துத் தோழர்கள் கட்டாயம் வாங்கோ. உங்களிட்டக் கேட்டு எழுதத்தான் அந்த வெற்றுத்தாள்.